இல்லறத்தில் ஒற்று

திருக்குறளில் ஒற்றாடல் என்றோர் அதிகாரம் உண்டு, 59ஆவது அதிகாரம். பொருட்பாலில், அரசியலில், வேந்தனின் கடமைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. வினை செய்வோரையும் வேண்டாதாரையும், அரசனின் சுற்றத்தாரையுங்கூட ஒற்றனைக் கொண்டு ஆராய்க என்கிறார் வள்ளுவர். நாடாள்வோன் தொழில் அது. இனி, இல்லறவியலைப் புரட்டிப் பாருங்கள். 20 அதிகாரங்கள்! அன்புடைமை இருக்கிறது, விருந்தோம்பல் இருக்கிறது, பொறையுடைமை இருக்கிறது. ஒற்றனை மட்டும் காணோம். பெண்ணைப் பற்றி அப்புலவர் சொன்ன அனைத்தையும் நாம் அப்படியே ஏற்பவர்கள் அல்லர்; ஆயினும், துணைவியின் பின்னே ஆள் அனுப்புவது எப்படி என்று பாடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவருக்குத் தோன்றாதது 21ஆம் நூற்றாண்டின் வணிகனுக்குத் தோன்றிற்று! இல்லறத்துக்கென்றே ஒற்றன் ஒருவனைச் செய்தான், கடை விரித்தான், விளம்பரம் செய்தான். இந்த ஒற்றனுக்குச் சோறு வேண்டா, உறக்கம் வேண்டா, மாறுவேடம் வேண்டா. கைப்பேசிக்குள்ளே குடியிருப்பான். பேசியதைக் கேட்பான், எழுதியதைப் படிப்பான், போன இடம், நின்ற நேரம் அத்தனையும் குறித்து எசமானனுக்கு அனுப்புவான். பேசியின் சொந்தக்காரருக்கோ அப்படி ஒருவன் உள்ளே இருப்பதே தெரியாது. உளவுச் செயலி என்று இதற்குப் பெயர்.

அரசுகள் ஏவும் உளவு மென்பொருள் வேறு வகை. 2021 சூலையில் பெகாசஸ் என்ற பெயர் உலக ஏடுகளிலெல்லாம் அடிபட்டது. நம் நாட்டு உச்சநீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் அதை ஆராயக் குழு அமைத்தது. அது நாடறிந்த கதை. நாம் சொல்ல வந்தது நாடறியாத கதை. அமைச்சரையும் ஏட்டாளரையும் வேவு பார்த்தால் குழு அமைகிறது. அடுப்படியில் நிற்கும் பெண்ணை வேவு பார்த்தால்?

2006ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். பின்லாந்து நாட்டில் எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நோக்கியா போன்ற சிம்பியன் வகைக் கைப்பேசிகளில் பதிக்கப்படும் ஃபிளெக்சிஸ்பை என்ற மென்பொருளைத் தீங்கு நிரல்களின் பட்டியலில் சேர்த்திருப்பதாக அந்த அறிவிப்பு கூறிற்று. காரணம்? பதித்தவுடன் தன்னை முழுதும் மறைத்துக்கொள்கிறது. குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் வெளியே அனுப்புகிறது. பேசி வைத்திருப்பவர் அதைக் காணவும் முடியாது, நீக்கவும் முடியாது. தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கில் இருந்த நிறுவனம் அதை விற்றது. யாருக்கு? மனைவியின்மீது ஐயம் கொண்ட கணவனுக்கும், கணவன்மீது ஐயம் கொண்ட மனைவிக்கும். வாழ்க்கைத் துணையின் துரோகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதே கடையின் கூவல்.

பட்டியலில் சேர்த்ததும் வணிகனுக்கு வந்தது சினம். எங்கள் பொருள் வைரஸ் அன்று என்றான். வைரஸ் தானே பரவும். எங்கள் பொருளோ தானே பரவாது. ஒருவர் அறிந்தே, தம் கையாலே பதிக்கிறார். ஆகவே இது தீங்கு நிரல் ஆகாது. இதுவே வாதம். ஒருவர் பதிக்கிறார், உண்மை. எவர் பேசியில்? அவர் அறிந்தே பதிக்கிறார், உண்மை. மற்றவர் அறிந்தா?

வேடிக்கை என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அடுத்த 13 ஆண்டுகள், பாதுகாப்புத் தொழிலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வணிகனின் இலக்கணத்தையே தம் இலக்கணமாகக் கொண்டிருந்தனர். காஸ்பர்ஸ்கி என்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் மென்பொருள், உளவுச் செயலியைக் கண்டுபிடித்தால் பேசியின் திரையில் என்ன பெயரிட்டுக் காட்டிற்று தெரியுமா? ‘வைரஸ் அல்ல’! ஆம், அதுவே அவ்வகைக்கு அவர்கள் இட்டிருந்த பெயர். வீட்டுக்குள் பாம்பைக் கண்டவன், ‘தேள் அல்ல’ என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனதுபோல! அச்சீட்டைப் படிக்கும் பெண் என்ன எண்ணுவாள்? வைரஸ் அல்லவாம், அஞ்ச வேண்டியதில்லை என்றே எண்ணுவாள்.

ஏன் இப்படி? அத்துறை அறிஞர்கள் கெட்டவர்கள் என்பதால் அன்று. அவர்கள் கற்பனை செய்திருந்த பகைவன் வெளியாள். எங்கோ தொலைநாட்டில் அமர்ந்து வங்கிப் பணத்தைத் திருடுபவன். கருவியைக் கையில் வைத்திருப்பவர் எவரோ அவரே அதன் உரிமையாளர். அவர் பதித்தது அவர் விருப்பம். இந்தக் கோட்பாட்டில் ஒரு வீடு இருந்தது, வேலி இருந்தது, வேலிக்கு வெளியே கள்வன் இருந்தான். வீட்டுக்குள்ளேயே, ஒரே கூரையின்கீழ், கடவுச்சொல்லை அறிந்தவனாய், தூங்கும்போது விரலைத் தொட்டுப் பூட்டைத் திறக்க வல்லவனாய் ஒரு பகைவன் இருக்கக்கூடும் என்ற எண்ணம் மட்டும் அதில் இல்லை. குடும்பம் என்றாலே அன்பு நிலையம் என்று நம்பிய மடமை, அறிவியல் கூடத்துக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருந்தது!

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இரும்பாலான கற்புக் கச்சைகளைக் காட்டுவார்கள். போருக்குப் போகும் வீரன் மனைவிக்குப் பூட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுபோனான் என்று கதையும் சொல்வார்கள். ஆராய்ந்தவர்களோ, அவற்றுள் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வேடிக்கைப் பொருளாகச் செய்யப்பட்டவை, இடைக்காலத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்கிறார்கள். இருண்ட காலம் என்று நாம் ஏசும் காலத்தில் வெறுங்கதையாக இருந்த பூட்டு, அறிவியல் காலத்தில் மாதச் சந்தா கட்டினால் கிடைக்கும் சரக்காகிவிட்டது.

அந்தப் பூட்டின் இறுக்கத்தை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். துணைவனின் கொடுமை தாளாத பெண் ஒருத்தி, உதவி நாடி மாவட்ட அலுவலகக் கட்டடத்துக்குள் நுழைகிறாள். ஐந்தே நிமிடம்! கைப்பேசியில் ஒரு செய்தி: அந்தக் கட்டடத்தில் உனக்கு என்ன வேலை? அவள் நடுங்கிப்போகிறாள். அங்கிருந்தோர் அவளை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள், பாதுகாப்பு ஆணை கேட்பதற்காக. மீண்டும் செய்தி: நீதிமன்றத்துக்கு ஏன் போனாய்? என்மீது வழக்குத் தொடுக்கவா? ஓடி ஒளிய வழி தேடிய அவளது பையிலேயே ஒற்றன் இருந்தான். மின்னசோட்டாவில் பெண்களுக்குத் துணைநிற்கும் அமைப்பினர் இதனை மேலவை உறுப்பினர் ஆல் ஃபிராங்கனிடம் தெரிவித்தனர். அவர் 2011இல் ஒரு சட்டமுன்வடிவு கொணர்ந்தார். ஒருவர் இருக்குமிடத்தை அவர் ஒப்புதலின்றிக் கைப்பேசி வழியே அறிவதைத் தடுக்கும் சட்டம். 2014இல் மீண்டும் கொணர்ந்தார். அது சட்டமாகவே இல்லை.

புதுச் சட்டம் பிறக்காத நிலையில் பழைய சட்டம் ஒன்று கைகொடுத்தது. பிறர் பேச்சை மறைவாக ஒட்டுக்கேட்பதற்கென்றே பயன்படும் கருவியைச் செய்வதும் விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம் என்று 1968இலேயே அமெரிக்கா சட்டம் இயற்றியிருந்தது. சுவரில் பதிக்கும் ஒலிவாங்கியையும் தொலைபேசிக் கம்பியையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம். அதனை 2014 செப்டம்பரில் எடுத்து ஸ்டெல்த்ஜீனி என்ற செயலியின்மீது வீசினார்கள் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள். ஐபோன், ஆண்ட்ராய்டு, பிளாக்பெரி மூன்றிலும் ஓடிய செயலி அது. அழைப்பைப் பதியும், மின்னஞ்சலைப் படிக்கும், பேசாமல் மேசைமேல் கிடக்கும் பேசியின் ஒலிவாங்கியைத் திறந்து, 15 அடிக்குள் எவர் பேசினாலும் கேட்கும். அதை விற்ற நிறுவனத்தின் தலைவர் லாகூரைச் சேர்ந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கைதானார். அவருடைய வணிகத் திட்டமே சான்றாயிற்று. துணையின்மீது ஐயுறுவோரே பெரும்பாலான வாடிக்கையாளர் என்று அவரே எழுதி வைத்திருந்தார்! நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 5 லட்சம் டாலர் தண்டம். செயலியின் மூலநிரல் பறிமுதல். கைப்பேசி உளவுச் செயலியை விற்றதற்காக அமெரிக்காவில் கிடைத்த முதல் தண்டனை அதுவே.

மற்ற கடைக்காரர்கள் அஞ்சி மூடினார்களா? பெயர்ப்பலகையை மாற்றினார்கள், அவ்வளவே! ‘துரோகி மனைவியைப் பிடியுங்கள்’ என்ற எழுத்தை அழித்துவிட்டுக் ‘குழந்தையைக் காப்போம்’ என்று எழுதினார்கள். சரக்கு அதே சரக்கு. மறைந்திருக்கும் தன்மை அப்படியே. குழந்தையைக் காக்கும் செயலி குழந்தைக்கே தெரியாமல் ஒளிந்திருப்பானேன் என்று கேட்பாரில்லை.

இதற்கிடையே ஒரு விந்தை. உளவு விற்றவர்களின் வீட்டிலேயே உளவு புகுந்தது. 2017இல் ஃபிளெக்சிஸ்பை நிறுவனத்துக்குள்ளும், ரெட்டினா-எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குள்ளும் ஊடுருவியவர்கள் அள்ளிவந்த பட்டியலில் 1,30,000 பேரின் கணக்குகள் இருந்தன. ஒற்றர் தலைவர்களா அவர்கள்? இல்லை. ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், கட்டடத் தொழிலாளர்கள். நம் பக்கத்து வீட்டுக்காரர்கள்! 2018இல் ஸ்பைஃபோன் என்ற மற்றொரு நிறுவனம், தான் திரட்டிய படங்களையும் செய்திகளையும் காவலின்றி இணையத்தில் திறந்தே போட்டிருந்தது தெரிய வந்தது. கணவன் ஒருவனுக்கு மட்டும் என்று திருடப்பட்ட பெண்ணின் வாழ்வு, போவோர் வருவோர் எல்லாம் எட்டிப்பார்க்கக் கூடிய திண்ணையில் கிடந்தது.

2018ஆம் ஆண்டில்தான் அறிவுலகம் விழித்தது. நியூயார்க்கில் உள்ள கார்னெல் டெக் கல்வி நிலையத்தினரும் பிறரும் சேர்ந்து அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வின் முதல் ஆசிரியர் ராகுல் சட்டர்ஜி. துணைவரின் கொடுமையில் பயன்படும் உளவுச் செயலிகளை அவ்வாய்வு பட்டியலிட்டது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அவற்றுள் பலவற்றைக் கண்டும் காணாமலும் விட்டதை எடுத்துக்காட்டியது. தொலைந்த பேசியைக் கண்டுபிடிக்கும் செயலி, குடும்பத்தார் இருப்பிடம் காட்டும் செயலி என நல்ல வேலைக்கென்றே செய்தவையும் கொடியவன் கையில் கருவியாவதை விளக்கியது. ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். வாடிக்கையாளர்போல் நடித்து, என் துணைக்குத் தெரியாமல் இதைப் பயன்படுத்த முடியுமா என்று நிறுவனங்களிடம் கேட்டார்கள். விடை தந்தவர்களுள் பெரும்பாலோர் தயங்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

அதே 2018ஆம் ஆண்டின் தொடக்கம். கணினிப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர் பெண்களுக்குக் கொடுமை இழைத்ததோடு, உங்கள் கருவிகளுக்குள் புகுவேன் என்று மிரட்டியதாகவும் புகார் எழுந்தது. சான்பிரான்சிசுகோவில் மின்னணு எல்லை அறக்கட்டளை என்னும் உரிமை அமைப்பில் பணியாற்றும் ஈவா கால்பெரின், அப்படி மிரட்டப்பட்டவர்கள் எவராயினும் என்னிடம் வாருங்கள், உதவுகிறேன் என்று இணையத்தில் எழுதினார். ஆயிரக்கணக்கில் வந்தது மறுமொழி. ஒவ்வொருவருக்காக உதவி மாளாது என்று கண்ட அவர், வேரைப் பிடித்தார். எந்த வேர்? சட்டமா? நீதிமன்றமா? இல்லை. பெயர்! ‘வைரஸ் அல்ல’ என்ற அந்தப் பெயர்! வைரஸ் தடுப்பு நிறுவனங்களே, இதைத் தீங்கு என்று சொல்லுங்கள். அதையும் பேசியின் திரையில், அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். இதுவே அவர் கேட்டது.

2019 ஏப்ரலில் காஸ்பர்ஸ்கி இணங்கியது. ‘வைரஸ் அல்ல’ போயிற்று. தனியுரிமை எச்சரிக்கை வந்தது. உங்கள் அழைப்பையும் செய்தியையும் இருப்பிடத்தையும் வேறொருவர் பார்க்கக்கூடும் என்று வெளிப்படையாகச் சொல்லிற்று. (அந்நிறுவனம் உருசிய நாட்டினது, நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா 2024இல் அதன் விற்பனைக்கே தடை போட்டது. அது அரசுகளுக்குள் நடக்கும் சண்டை. 2019இல் அது செய்த நற்செயலை நாம் மறைப்பானேன்?) அவ்வாண்டு நவம்பரில் பாதுகாப்பு நிறுவனங்களும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து உளவுச் செயலி எதிர்ப்புக் கூட்டணியை அமைத்தன. மென்பொருள் வல்லுநனும், அடிபட்டு வந்த பெண்ணுக்குக் கதவு திறக்கும் தொண்டரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அதற்கு 2006லிருந்து 2019 வரை ஆயிற்று.

அதன்பின் அரசின் கையும் சற்றே நீண்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2019 அக்டோபரில் ரெட்டினா-எக்ஸ் மீது நடவடிக்கை எடுத்தது; 2021 செப்டம்பரில் ஸ்பைஃபோன் நிறுவனத்தையும் அதன் தலைவரையும் இத்தொழிலிலிருந்தே விலக்கியது. 2023இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் இத்தகைய செயலிகள் பலவற்றை நடத்தியவருக்கு 4,10,000 டாலர் தண்டம் விதிக்கச் செய்தார். தண்டத்தைவிடச் சுவையான நிபந்தனை ஒன்றும் உண்டு: பேசியின் உரிமையாளருக்கு, நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள் என்று செயலியே அறிவிக்க வேண்டும்! பறை அடித்துக்கொண்டே ஒற்றாடு என்பதுபோல. கூகுள் 2020 ஆகஸ்டில் இவ்வகை விளம்பரங்களைத் தடுத்தது. ஆனால் பிள்ளைகளைக் கண்காணிக்கும் செயலிகளுக்கு விலக்கு அளித்தது. பெயர்ப்பலகையை மாற்றத் தெரிந்தவனுக்கு அந்த விலக்கே வாயில் அல்லவா?

நம் நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் தோழர்களுக்கு ஓர் எண். 2023இல் தன் பயனாளர்களுள் 31,031 பேரின் பேசிகளில் உளவுச் செயலி இருந்ததாகக் காஸ்பர்ஸ்கி கணக்குக் காட்டிற்று. முதலிடம் உருசியா, இரண்டாவது பிரேசில், மூன்றாவது இந்தியா, 2,492 பேர். ஒரே ஒரு நிறுவனத்தின் மென்பொருளை வைத்திருந்தவர்களுள் மட்டும் இத்தனை!

பதிப்பதற்கு மந்திரம் வேண்டா. பேசி சில நிமிடம் கைக்கு வந்தால் போதும். கூகுள் கடைக்கு வெளியிலிருந்து செயலியை இறக்கி, பாதுகாப்புச் சோதனையை அணைத்து, அமைப்புச் சேவை என்பதுபோல் ஒரு பொய்ப்பெயரில் ஒளித்துவிடுகிறார்கள். ஐபோனில் பெரும்பாலும் அதுவும் தேவையில்லை. ஐகிளவுட் கடவுச்சொல் தெரிந்தால் சேமித்த நகலே பேசும். உதவி கேட்டு வரும் பெண்ணிடம், உடனே அழித்துவிடு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அழித்த நொடியிலேயே மறுமுனையில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும், அவன் கை ஓங்கும், சான்றும் அழியும். முதலில் அவள் பாதுகாப்பான இடம் சேர வேண்டும். அடுத்து, அவன் தொடாத வேறொரு பேசியிலிருந்து உதவி கேட்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. இணையக் குற்றப் புகாருக்கு 1930.

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. 2012 டிசம்பரில் டில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் 2013இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல், பிற மின்னணுத் தொடர்பு ஆகியவற்றின் பயன்பாட்டைக் கண்காணிக்கும் ஆடவன் குற்றவாளி என்று 354 டி பிரிவு வந்தது. முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, மறுமுறை 5 ஆண்டு வரை. 2024 சூலை 1 முதல் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. கணவன் நீங்கலாக என்று அதில் எழுதவில்லை. திருமண உறவிலே பிற குற்றங்களுக்குக் கணவனுக்கு விலக்களிக்கத் தெரிந்த நம் சட்டம், இதிலே விலக்களிக்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போகும் தோழர்கள் அதை நினைவிற் கொள்க. குடும்பத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கே சொல்வார்கள்.

உரிமை வழக்குகளும் வந்துவிட்டன. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமுகமாய்த் தீர்ப்பளித்தனர். பரமக்குடி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரிய கணவர் ஒருவர், மனைவி அறியாமல் பெற்ற அவரது அழைப்புப் பதிவுகளைச் சான்றாகக் கொடுத்தார். அவ்வழக்கில் 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணமானவருக்குள்ளும் தனியுரிமை உண்டு, அதை மீறித் திரட்டிய சான்று செல்லாது என்றது. ஒன்பது திங்கள் கழியுமுன், 2025 சூலை 14 அன்று, பஞ்சாபிலிருந்து சென்ற மற்றொரு வழக்கில் உச்சநீதிமன்றம், துணைக்குத் தெரியாமல் பதிந்த தொலைபேசி உரையாடலை மணவிலக்கு வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்றது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டால் அதுவே உறவு முறிந்ததற்கு அறிகுறி என்பது நீதிபதிகளின் கருத்து.

ஆயினும் அந்தப் பஞ்சாபு வழக்கில் கணவர் பதிந்தது, தாமும் மனைவியும் பேசிய பேச்சு. அந்தப் பேச்சிலே அவரும் ஒரு பங்காளி. மனைவி தன் தாயிடம் பேசியதை, தோழியிடம் அழுததை, வழக்கறிஞரிடம் கேட்டதைச் செயலி ஒன்றை ஏவித் திருடிக்கொண்டு வந்து ஒருவன் நீதிமன்றத்தில் நீட்டினால் என்ன ஆகும்? அந்த வினா அந்த வழக்கில் எழவில்லை.